இறுதி இசையைச் சிறைப்பிடித்த படலம்

“அந்த ஆளு உனக்கு யாருடி? மாமனா, மச்சானா, இல்ல மாசாமாசம் நம்ம வீட்டுக்கு எண்ணெய் வாங்கிப் போடுறவனா?” என்று அத்தை அதிய்யாத் ஒரு நாள் அவளைக் கேட்டாள்.

கேட்கப்பட்டவள் தலை குனிந்துகொண்டாள். எழுந்து நின்று பாடத்தை உரக்க வாசி என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சொன்னபோதும் அவள் இப்படித்தான் குனிந்துகொண்டாள். குனிந்த தலை பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நிமிரவில்லை, அடுத்த வாரத்திலிருந்து அங்கே போகவுமில்லை. அன்று அவள் நாவில் எழாத விடையை, அவள் நிகழ்த்திய பெரும்போரின் வாயிலாக இவ்வரலாறு உரைக்கப் புகுகிறது.

வாழ்க இன்ஷிராஹ். அலைகடல் வேலி சூழ்ந்த அலெக்சாந்திரியா மாநகரின் தென்பால், டிராம் தண்டவாளங்கள் இரும்பு ஆரமாய்க் கிடக்கும் கர்மூஸ் பேட்டையில், காரை உதிர்ந்த ஐந்தடுக்கு மாளிகையின் மூன்றாம் மாடியில் தோன்றிய குலக்கொழுந்து வாழ்க. பதினேழு ஆண்டு நிரம்பியவள், உதட்டைக் கடித்தே பாதிப் பேச்சை முடிப்பவள், விருந்தினர் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று தேநீர்த் தட்டை மட்டும் வெளியே நீட்டும் நெடுங்கையள், டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானையும் கறுப்புப் பொத்தானையும் ஒரே நொடியில் ஒருசேர அழுத்தவல்ல இருவிரல் வீராங்கனை வாழ்க.

அவள் கொற்றம் பாடுமுன் அவள் போற்றிய கோமானைப் பாடுவது முறை. நதீர் வஹ்தான் என்பது அவன் பெயர். எகிப்து நாட்டுத் திரையில் அவனைவிட உயர்ந்தவர் உண்டு, அழகர் உண்டு, குதிரை ஏறத் தெரிந்தவர் நிறையவே உண்டு. அவனோ சற்றே கூன் விழுந்தவன். இருபத்திரண்டு படங்களில் தோன்றி, அவற்றுள் ஒன்பதில் இடைவேளைக்கு முன்பே இறந்தவன். ஆயினும் ஏரி மீனவனாக வந்த படத்தில், விலை பேசும் காட்சி முழுவதும் வியாபாரியின் முகத்தைப் பாராமல் மீனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். நீதிபதியாக வந்த படத்தில், தீர்ப்பை வாசிக்குமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, துடைத்து முடிந்த பிறகும் துடைத்தவன். கல்யாண வீட்டு வாசலில் செருப்பு மட்டும் திருடி, ஜோடி சேராதவற்றை மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து வைத்த கள்வனும் அவனே. தொலைபேசி நிலையத்தில் யாரோ ஒருத்தியின் குரலுக்கு மனம் கொடுத்து, அவள் நேரில் வந்து முகவரி கேட்டபோது, வழி மட்டும் சொல்லி அனுப்பிய ஊழியனும் அவனே. இவை யாவும் கோடிட்ட நோட்டுப் புத்தகங்கள் நான்கில் எழுதப்பட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால், எலியும் அறியாத இடத்தில் காவல் செய்யப்பட்டிருந்தன. இடப்பக்கம் அவன் ஏற்ற வேடம். வலப்பக்கம் அதற்கு வாய்த்த இசை.

அந்த வலப்பக்கத்தில்தான் மாநகரம் அறியாத ஓர் உண்மை இருந்தது. பிற நாயகர்களுக்கு இசை முன்னால் ஓடிவந்து கட்டியம் கூறும்; அவர்கள் கதவைத் திறக்குமுன் நாற்பது வயலின்கள் திறந்துவிடும். நதீருக்கு இசை பிந்தி வரும். அவன் பேசும்போது வராது, அழும்போது வராது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவன் எழுந்து போன பிறகு, அவன் நின்ற இடம் காலியாகக் கிடக்கும்போது, ஒற்றைக் குழல் ஒன்று மெல்ல வந்து அங்கே உட்காரும். வாய் திறவாத ஒரு பெண்ணுக்கு இதைவிட நியாயமான ஏற்பாட்டை எந்த அரசும் இதுவரை செய்து தந்ததில்லை.

அவ்விசைகளுள் தலையாயது ‘தண்டவாளத்துக்கு அப்பால்’ என்னும் படத்தின் இறுதி இசை. அதில் நதீர் ரயில் நிலையக் கைகாட்டிக்காரன். இருபது ஆண்டுகள் ஊரையெல்லாம் ஏற்றி அனுப்பியவன், கடைசியில் தானே ஒரு பெட்டியோடு ஏறுகிறான். மனைவி நடைமேடையில் நிற்கிறாள். ரயில் நகர்கிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ரயில் போன பிறகு குழல் எழும். அதன்மேல் அக்கார்டியன் சேரும். மூன்று நிமிடம் பத்து நொடியில் எல்லாம் முடியும். அந்த இசை எந்தக் கடையிலும் கிடைக்காது. பாட்டு இருந்தால்தான் கேசட் போடுவார்கள். ஆகையால் எப்போதேனும் டிவியில் அந்தப் படம் வரும் நாளில், டேப் ரிக்கார்டரை டிவியின் முன் நிறுத்தி, வீடே மூச்சடக்கினால்தான் அது கைக்கு வரும். அந்தக் கருவியின் காதுக்கோ நல்லது கெட்டது தெரியாது. அறையில் எழும் ஒலி எல்லாம் அதற்கு ஒன்றே.

மூன்று முறை இன்ஷிராஹ் படை நடத்தினாள். மூன்று முறையும் களம் இழந்தாள். முதற்போரில் குழல் எழுந்த கணத்தில் கேஸ் சிலிண்டர்காரன் தெருவுக்குள் புகுந்து, தான் வந்ததை அறிவிக்க ஸ்பானரால் சிலிண்டரை அறைந்த அறையில் நடைமேடையும் மனைவியும் சேர்ந்து அதிர்ந்தனர். இரண்டாம் போரில் ரயில் நகரும் வரை காத்திருந்த மின்சாரம், ரயிலோடு தானும் புறப்பட்டுப் போனது. மூன்றாம் போரில் தெரு அமைதி காத்தது, மின்சாரம் அறம் காத்தது, ரயில் நகர்ந்தது, குழல் எழுந்தது. எழுந்த குழலின்மேல், அந்தக் கேசட் உள்ளளவும் அழியாதபடி, பின்வரும் வாசகம் பொறிக்கப்பட்டது:

“இந்தப் பொம்பளை போட்டிருக்கிற கவுனு இருக்கே, இதே துணிதான் நம்ம உம்மு ஷௌக்கி வீட்டு ஜன்னல்ல திரையா தொங்குது.”

அது அத்தை அதிய்யாத்தின் குரல். இன்ஷிராஹின் தந்தைக்கு மூத்தவள். கடலோசை ஓய்ந்தாலும் வாயோசை ஓயாதவள். டிவியில் தோன்றுவோரை எல்லாம் பெயர் சொல்லி அழைத்து, கதவைத் திறக்காதே, அந்தக் காபியைக் குடிக்காதே என்று எச்சரித்து, அவர்கள் கேளாமல் குடித்துச் செத்தால், சொன்னேனே என்று பிணத்தையும் கடிந்துகொள்பவள். அவள் பேசாத பொருள் இவ்வுலகில் ஒன்றுதான். ஏழு ஆண்டுகளுக்கு முன், ஈராக்கில் வேலை என்று சொல்லி அலெக்சாந்திரியா ஸ்டேஷனில் ரயில் ஏறிப்போனான் அவள் கணவன் ஷெஹாத்தா. இரண்டு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அதன்பின் அவள் தன் தம்பி வீட்டுக்குக் குடிவந்தாள். கட்டில் வந்தது, தையல் மெஷின் வந்தது, அந்தப் பெயர் மட்டும் கூடவே வரவில்லை.

இங்ஙனம் இருக்க, வெள்ளிக்கிழமை மதியம் அப்படம் மீண்டும் வருமென்று டிவியில் அறிவிப்பாயிற்று. முந்தைய நாள் மூன்று பெண்கள் கூடத்தில் அமர்ந்து முலூகிய்யாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்: அத்தை, இன்ஷிராஹின் தாய் நஜாத், மேல்மாடியில் வாழும் உம்மு ஷௌக்கி. இன்ஷிராஹ் தாயின் காதருகே குனிந்தாள்.

“அம்மா, நாளைக்கு மட்டும் அத்தையை மேல அனுப்பிடேன்.”

கிசுகிசுப்பை மூன்று சுவர் தாண்டியும் கேட்கவல்லது அத்தையின் செவி.

“என்னை எதுக்குடி அனுப்பணும்? நான் என்ன கைக்குழந்தையா, அழுதா தூக்கிட்டுப் போறதுக்கு?”

“நீங்க நடுவுல பேசிடுவீங்க அண்ணி. அதான் புள்ள பயப்படுது” என்றாள் நஜாத்.

“நான் பேசுறேனா? ஏன்டி உம்மு ஷௌக்கி, நீயே சொல்லு. நான் பேசுறவளா?”

“சேச்சே. நீ தூங்கும்போது பேசி நான் கேட்டதில்லை” என்றாள் உம்மு ஷௌக்கி.

நஜாத் கீரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தையோ காம்பைக் கீழே எறிந்து, முழந்தாளில் கையூன்றி நிமிர்ந்து, மூன்று மாடிக்கும் கேட்க வஞ்சினம் கூறலானாள்:

“நபி மேல ஆணை. நாளைக்கு அந்தக் கூனன் ரயில் ஏறி, குழல் ஊதுறவன் ஊதி முடிக்கிற வரைக்கும் என் வாயிலேர்ந்து ஒரு சத்தம் வராது. வந்துச்சுன்னா, இந்தக் கோடை முழுக்க கீரையெல்லாம் நான் ஒருத்தியே ஆய்ஞ்சு தர்றேன், அவன் படம் ஓடினா அடுப்படியிலதான் உக்காருவேன். வரலைன்னா கீரை பூரா இவ பொறுப்பு. முடிஞ்சதும் அந்தக் கேசட்டை எல்லார் முன்னாலயும் போட்டுக் காட்டணும். உம்மு ஷௌக்கி, நீதான் சாட்சி. சம்மதமாடி?”

இன்ஷிராஹ் உதட்டைக் கடித்தாள். அவள் மொழியில் அது சம்மதம்.

மறுநாள் நொச்சி மாலை சூடாத குறையாக அம்மூன்றாம் மாடி அரண் செய்யப்பட்டது. ஜன்னல்களின் மரத்தட்டிகள் இழுத்துச் சாத்தப்பட்டன. சாத்திய தட்டிகளின் இடுக்கில் துண்டுகள் திணிக்கப்பட்டன. சொட்டும் குழாயின் வாயில் துணி கட்டப்பட்டது. முனகும் குளிர்சாதனப் பெட்டியின் வயர் பிடுங்கப்பட்டது. கோடைகாலத்து மின்விசிறி, தன் நீண்ட சேவையைப் பாராட்டும் சொல் ஏதுமின்றி, நிறுத்தப்பட்டது. படைக்கலமாக ஒரு கேசட் தேர்ந்தெடுக்கப்பட்டது: பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஆங்கில உச்சரிப்புப் பாடம். அழிக்கக்கூடாது என்று அதன் முதுகில் உடைத்துவிட்டிருந்த இரண்டு பற்களின் பள்ளத்தில் இன்ஷிராஹ் காகித உருண்டைகளை அடைத்தாள், அழிக்கலாம் என்றாயிற்று. பழம்பகைவனாகிய கேஸ்காரனிடம் தாயே தூது போனாள். பால்கனியில் நின்று அவள் குரல் கொடுத்தாள்.

“இன்னிக்கு நாலரை மணி வரைக்கும் எங்க தெருவுல தட்டாதேப்பா. வீட்டுல நோயாளி இருக்கு.”

“ஐயோ, யாருக்கும்மா?”

“பொண்ணுக்கு.”

“என்ன நோய்?”

“சினிமா.”

“எங்க வீட்டுலயும் ஒண்ணு கிடக்கு” என்று சொல்லி, ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு, அவன் அடுத்த தெருவுக்கு வண்டியைத் திருப்பினான்.

எஞ்சியது அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. அதனோடு போரிடுவார் இல்லை; ஒதுங்கி நின்று கணக்கிடுவதே முறை. டிவியில் ஒலிப்பது கெய்ரோவின் பாங்கு. அது வந்தால் படம் நிற்கும், முடிந்தால் விட்ட இடத்தில் தொடரும். பிற ஊரார் தத்தம் ஊரின் நேர வேறுபாட்டைக் கவனிக்க என்று ஒரு குரல் சொல்லும். அலெக்சாந்திரியாவுக்குச் சூரியன் ஐந்து நிமிடம் பிந்தி வருகிறது. ஆகவே கெய்ரோவுக்கு ஒரு முறை நின்ற படத்தின்மேல், அது மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, தெருமுனைப் பள்ளிவாசலின் பாங்கு இரண்டாம் முறை வந்து விழும். அந்த இரண்டாவது, ரயில் நகருமுன் முடியுமா என்பதே போரின் உயிர்நிலை.

அணிவகுப்பு வருமாறு: இடப்பக்கம் நஜாத், அவளருகே, வளையல்கள் ஏழையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்ட உம்மு ஷௌக்கி, நடுவில், பொத்தான்களின்மேல் இரு விரல் வைத்த இன்ஷிராஹ், வலப்பக்கம், எந்த மோசடிக்கும் இடமிருக்கக் கூடாது என்று தானே கேட்டு வாங்கிய இடத்தில், டேப் ரிக்கார்டருக்கு ஒரு முழம் தள்ளி, அத்தை அதிய்யாத். பந்தயத்தின் நடுவராகிய அச்சிறு கருவியின் காது அவள் முழங்காலுக்கு நேரே இருந்தது. அறையின் மூலையில், எவர் கைக்குப் போவது என்று தீர்ப்பாகாத கீரைக்கட்டு ஒன்று ஈரச்சாக்கில் கிடந்தது.

படம் ஓடியது. கெய்ரோ தொழுகைக்கு அழைத்தது, படம் நின்றது, தொடர்ந்தது. வெப்பம் நால்வர் முதுகிலும் நதிகளைத் திறந்துவிட்டது. திரையில் நதீர் சட்டைகளை மடித்தான். ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான். அதற்கு நோட்டுப் புத்தகத்தில் அரைப்பக்கம் உண்டு. அப்போது தெருமுனையில் பாங்கு எழுந்தது. பெரியவரின் குரல் அவசரம் அறியாதது. அவர் ஒரு வரியை இழுக்கையில் நதீர் பெட்டியை மூடினான், அடுத்த வரியை இழுக்கையில் கயிறு தேடினான், கயிறு கிடைத்தது, பெட்டியைச் சுற்றிக் கட்டினான், ஸ்டேஷனுக்கு நடந்தான். இன்ஷிராஹின் விரல்நுனிகள் வெளுத்தன. இறுதி வரியும் ஓய்ந்து, தெரு அமைதியான அந்த ஒரு மூச்சுக்குள் திரையில் ரயில் ஊதியது. சிவப்பும் கறுப்பும் ஒருசேர அமிழ்ந்தன. சக்கரங்கள் சுழன்றன, திரையிலும் கேசட்டிலும்.

அந்த மூன்று நிமிடத்தில் நடந்த வீரச்செயல்களை எப்படி எடுத்துரைப்பது. உம்மு ஷௌக்கிக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து, கண்ணில் நீர் ததும்ப, அதை வந்த வழியே திருப்பி அனுப்பினாள். கீழே டிராம் வந்தது; ஆனால் மணி அடிக்காமல், மன்னனின் பாடிவீட்டைக் கடக்கும் யானைபோல் மெத்தென்று போயிற்று. ஓர் ஈ பறந்துவந்து நஜாத்தின் நெற்றியில் அமர்ந்து, நெடுநேரம் தன் கைகளைத் தேய்த்து யோசித்தது, நெற்றி அசையவில்லை. அத்தை தன் தலைமுக்காட்டின் நுனியை வாய்க்குள் திணித்திருந்தாள். குழல் எழுந்தபோது கன்னங்கள் இரண்டும் உப்பி, சொல் ஒவ்வொன்றும் பல்வாயில்வரை வந்து முட்டித் திரும்பிப் போவது கண்கூடாகத் தெரிந்தது. அதன்பின் அவளை யாரும் பார்க்கவில்லை. திரையில் ரயிலின் கடைசிப் பெட்டி சிறுத்துக்கொண்டிருந்தது, எல்லோர் கண்ணும் அங்கே இருந்தன. அக்கார்டியன் சேர்ந்தது, சுழன்றது, ஓய்ந்தது. எழுத்துகள் முடிந்தன. இன்ஷிராஹ் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். பொத்தான்கள் எம்பிக் குதித்தன.

வென்றாள். நான்காம் போரில், கேஸும் மின்சாரமும் பாங்கும் நாவும் தன்மேல் படாமல், இறுதி இசையைச் சிறைப்பிடித்தாள் இன்ஷிராஹ். அவள் உதட்டைக் கடிக்க மறந்து சிரித்தாள். அந்த வீட்டில் அது பெருநாளைவிட அரிது.

முக்காட்டு நுனியை வாயிலிருந்து உருவிய அத்தையிடமிருந்து, அணை உடைந்தாற்போல் புறப்பட்டது ஊழிவெள்ளம்.

“பாத்தீங்களா? பாத்தீங்களாடி ரெண்டு பேரும்? என்னமோ நான் வாயாடியாம். ஒரு இருமல் வந்துச்சா? ஒரு மூச்சு? ஃபேனைப் போடு நஜாத், செத்துட்டேன். பொண்ணே, அந்தா கிடக்கு கீரை, இன்னிக்கே ஆரம்பி. மொதல்ல கேசட்டைப் போடு. போடு, கேக்கட்டும். உம்மு ஷௌக்கி, எந்திரிக்காதே, நீ சாட்சி.”

“நான் நம்புறேன்டியம்மா. போய் சோறு வடிக்கணும்.”

“நம்புறதெல்லாம் வேண்டாம். காதால கேட்டுட்டுப் போ. நாளைக்கு ஊர்ல வேற மாதிரி சொல்லுவே.”

கேசட் பின்னோக்கிச் சுற்றப்பட்டது. பொத்தான் அமிழ்ந்தது. ரயில் ஊதியது, சக்கரங்கள் புறப்பட்டன, ஓசை தேய்ந்த இடத்தில் குழல் வந்து உட்கார்ந்தது. மாசில்லை, மறுவில்லை. தும்மல் இல்லை, டிராம் இல்லை.

“அட, நெஜமாவே பேசலையே” என்றாள் உம்மு ஷௌக்கி.

“உஷ்” என்றாள் அத்தை. தன் மௌனத்தைத் தானே கேட்டு, ராணிபோல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அக்கார்டியன் சேர்ந்தது. அது இரண்டாம் முறை சுழன்று எழுந்தபோது, அதற்கு அடியில், மிக அருகில், முக்காட்டுத் துணியில் அமுங்கிய ஒரு குரல் இருந்தது. அத்தையின் குரல்தான். ஆனால் மூன்று மாடி கேட்கும் குரல் அல்ல. கல்யாணமான புதிதில் கதவோரம் நின்று பேசுகிறவளின் குரல்.

“திரும்பிப் பாரேன். ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயேன், ஷெஹாத்தா.”

அக்கார்டியன் மேலே சென்றது.

சாட்சியாக வந்தவள் தன் மடியிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று உரசாமல், கையில் ஏற்றிக்கொண்டாள். ஏழு ஆண்டு காலம் பூட்டிக் கிடந்த அறையின் கதவு திறந்ததைக் கண்ட நஜாத், மின்விசிறிப் பொத்தானில் வைத்த கையை அழுத்தவுமில்லை எடுக்கவுமில்லை. இன்ஷிராஹின் விரல் நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போய், அதன்மேல் ஒரு கணம் நின்று, அழுத்தாமல் திரும்பி வந்தது. கேஸ்காரனை வென்றவள், மின்சாரத்தை வென்றவள், நாவரசியின் நாவையே வஞ்சினத்தால் கட்டியவள், தான் சிறைப்பிடித்தது எதுவென்று இப்போது அறிந்து, பந்தயத்தில் தோற்றவர் யார் வென்றவர் யார் என்று கூறுவார் எவருமின்றி, களத்தின் நடுவே கைகட்டி நிற்க, தும்பையும் வாகையும் யார் தலைக்கு என்று தெரியாமல் காற்றில் தயங்க, அந்த மூன்று நிமிடம் பத்து நொடியில் இன்னும் நாற்பது நொடி மிச்சமிருக்க, அக்கார்டியன் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருக்க,

அத்தை எழுந்து, கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு, அடுப்படிக்குப் போனாள்.